மேசை இருந்தால் குற்றமில்லை

நடுவர் அவர்களுக்கும், சனிக்கிழமை இரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. என் வீட்டுக்காரர் குடிப்பாரா என்று கேட்காதீர்கள், அவர் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ‘பொது இடத்தில் குடிக்கத் தடை போட்ட சட்டம் அக்கம்பக்கத்துக்கு நிம்மதி தந்ததா, எளியவர்களின் மாலைப்பொழுதைப் பறித்ததா?’ என்பது தலைப்பு. பறித்தது என்று பேச ஒரு பெண்ணை ஏன் போட்டார்கள் என்று மேடை ஏறும்போதே நடுவர் கேட்டார். காரணம் இருக்கிறது ஐயா. இருபத்தாறு வருடமாக நான் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், அதாவது நம் தேக்காவில், குடியிருக்கிறேன். ஆறாம் மாடி. என் வீட்டு ஜன்னலைத் திறந்தால், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து கூடும் ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 ஜனவரி 30ஆம் தேதி சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஏப்ரல் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்தவர்களும் உண்டு. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பூங்கா, கடற்கரை, பாலம், அடுக்குமாடி புளோக் கீழ்த்தளம் என்று எந்தப் பொது இடத்திலும் குடிக்கக் கூடாது. அந்த நேரத்தில் கடையில் வாங்கிக்கொண்டும் போக முடியாது. மீறினால் 1,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் மட்டும் ‘மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம்’ என்று தனிப் பெயர். அங்கே சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கும் தடை திங்கட்கிழமை காலை 7 மணிக்குத்தான் முடியும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. உரிமம் உள்ள மதுக்கூடத்திலோ கோப்பிக்கடையிலோ மேசை போட்டு உட்கார்ந்தால், அந்தக் கடையின் உரிமம் எந்த நேரம் வரைக்குமோ அதுவரை குடிக்கலாம். நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் கடைகள் உண்டு. இந்த ‘மேசை’ என்ற சொல்லை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நான் திரும்பத் திரும்ப அங்கேதான் வருவேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். கீழ்த்தளத்தில் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடுகிறவர்கள், மாடிப்படியில் வாந்தி, மின்தூக்கியில் சிறுநீர், மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் காலில் குத்தும் கண்ணாடித் துண்டு. ஒன்றும் பொய்யில்லை. 2012இல் நள்ளிரவு ஒன்றரை மணிக்குக் காவல்துறைக்குப் போன் செய்து சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இந்தச் சட்டம் வந்தபோது வீட்டுக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் ‘அப்பாடா’ என்றதும் உண்மை. அதையெல்லாம் மறைத்துவிட்டுப் பேச நான் வரவில்லை.

ஆனால் ஐயா, நான் போன் செய்தது சத்தத்துக்காக. சத்தம் போட்டால், சண்டை போட்டால், கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தால், குடிபோதையில் ரகளை செய்தால் தண்டிக்க 2015க்கு முன்னாலேயே சட்டங்கள் இருந்தன. ரகளை செய்தவன் அன்றைக்கும் குற்றவாளி, இன்றைக்கும் குற்றவாளி. இந்தச் சட்டம் புதிதாகப் பிடித்தது யாரை? சத்தமே போடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தவனை. நான் யார்மீது புகார் கொடுக்கவில்லையோ, அவனை.

எதிரணி நண்பர் வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஏற்ற இறக்கத்தோடு சொன்னதும் நானே கைதட்டிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். வள்ளுவர் குடிக்காதே என்றார். இந்தச் சட்டம் அப்படியா சொல்கிறது? ‘மேசை வாங்கிக் குடி’ என்கிறது. இதற்கு எதற்கு ஐயா வள்ளுவர்?

கிளார்க் கீ பக்கம் ஆற்றின்மேல் ரீட் பாலம் இருக்கிறது. இந்தச் சட்டத்துக்கு முன்னால் வார இறுதியில் அதன் படிகளில் இளைஞர் கூட்டம் நிரம்பி வழியும். கடையில் நாலைந்து வெள்ளிக்குப் பீர் வாங்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். பத்தடி தள்ளி ஆற்றோரத்தில் மேசைகள். அங்கே ஒரு கோப்பை பீர் பதினைந்து வெள்ளியைத் தாண்டும். இரண்டு பக்கமும் அதே ஆறு, அதே காற்று, அதே பீர். சத்தம்கூட மேசைப் பக்கம்தான் அதிகம், ஒலிபெருக்கி அங்கேதானே இருக்கிறது. பத்தரை மணி அடித்ததும் படியில் இருப்பவன் சட்டத்தை மீறியவன் ஆகிறான். மேசையில் இருப்பவர் ‘இன்னொன்று கொண்டு வா’ என்கிறார். நடுவில் இருக்கும் அந்தப் பத்தடிக்குக் கட்டணம் பத்து வெள்ளி!

வரி கட்டுவதிலாவது வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்தேன். கணக்கு எழுதுவது என் தொழில், விட முடியாது. 2014 வரவுசெலவுத் திட்டத்தில் பீருக்கான வரி, அதிலுள்ள மதுசாரத்தில் லிட்டருக்கு 60 வெள்ளி என்று ஏறியது. 500 மில்லி டின்னில் 5 விழுக்காடு மதுசாரம் என்றால் 25 மில்லி. அதற்கு வரி 1 வெள்ளி 50 காசு. படியில் உட்கார்ந்தாலும் மேசையில் உட்கார்ந்தாலும் அதே ஒன்றரை வெள்ளிதான். வாங்கும்போது இருவரும் சமம், குடிக்கும்போது மட்டும் இல்லை.

சரி, தேக்காவுக்கு வருகிறேன். எதிரணியின் பெரிய ஆயுதமே அதுதான்.

2013 டிசம்பர் 8. ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தனியார் பேருந்தில் அடிபட்டு நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இறந்துபோனார். அதன் பிறகு கலவரம் வெடித்தது உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் எரிந்த வெளிச்சம் என் ஜன்னல் கண்ணாடியில் ஆடியது. அன்றிரவு நானும் பயந்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். 2014 ஜூன் மாதம் அறிக்கை வெளிவந்தது. மூன்று காரணங்கள் சொன்னார்கள். விபத்தைப் பற்றியும் மீட்பு வேலையைப் பற்றியும் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது ஒன்று. தெருவிலேயே நியாயம் கேட்டுவிட வேண்டும் என்ற கூட்டத்தின் மனநிலை இன்னொன்று. மூன்றாவது, சிலருக்கு ஏறியிருந்த போதை. எதிரணி நண்பர்கள் முதல் இரண்டையும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு மூன்றாவதை மட்டும் மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தக் குழு வெளிச்சத்தையும் போலீஸ்காரர்களையும் அதிகமாக்கச் சொன்னது. மதுவைக் கூட்டம் சேரும் இடங்களில் கட்டுப்படுத்தச் சொன்னது. அங்கிருந்து தீவு முழுக்கப் பத்தரை மணி என்பது எவ்வளவு தூரம், பாருங்கள்.

இப்போது நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சட்டம் வந்த அந்த வருடம், ஒரு ஞாயிறு மாலை, ஆறரை மணி இருக்கும். ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லை என்று கீழே இறங்கினேன். புல்வெளி ஓரத்தில் நாலு பேர் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு பரோட்டாப் பொட்டலம், பிளாஸ்டிக் பையில் கட்டிய குருமா, ஒரே ஒரு பீர் டின், நாலு பிளாஸ்டிக் கோப்பை. ஒருவர் போனை நீட்டிப் பிடித்து, ‘அந்தப் பல்லைக் காட்டுடா, விழுந்த பல்லைக் காட்டு’ என்று ஊரிலிருக்கும் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வந்ததும் இன்னொருவர் சட்டென்று தொப்பியை எடுத்து டின்மேல் கவிழ்த்தார். ‘அக்கா, இதோ போயிடுறோம்க்கா’ என்றார். நான் ஒன்றுமே சொல்லவில்லை ஐயா. கறிவேப்பிலை வாங்கப் போகிற ஒருத்தியைப் பார்த்து அவர் ஏன் பயப்பட வேண்டும்?

திரும்பி வரும்போது இரண்டு அதிகாரிகள் நின்றிருந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகத்தான் பேசினார்கள். அபராதம் எதுவும் போடவில்லை. கீழே ஊற்றிவிடச் சொன்னார்கள். அவர் டின்னை எடுத்துப் புல்லில் மெதுவாகக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழும்வரை உதறினார். பிறகு காலி டின்னை நசுக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார், குப்பை போட்டதற்கு வேறு அபராதம் வந்துவிடக் கூடாதே. போன் மட்டும் அணையாமல் இருந்தது. அந்தப் பிள்ளை ‘அப்பா, என்னப்பா ஆச்சு’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது இருட்டக்கூட இல்லை. கிளார்க் கீ படியில் அதே நேரம் அதே பீரைக் குடித்திருந்தால் குற்றமே இல்லை. தேக்காவில் குற்றம். அதுவும் சாதாரணக் குற்றமில்லை. கட்டுப்பாட்டு வட்டாரத்தில் தண்டனை ஒன்றரை மடங்கு. ஆயிரம் வெள்ளி இங்கே ஆயிரத்து ஐந்நூறு ஆகிவிடும். அந்தக் காலத்தில் கட்டுமான வேலைக்கு அடிப்படைச் சம்பளம் நாளைக்கு இருபது வெள்ளியை ஒட்டித்தான் பலருக்கு. ஆயிரத்து ஐந்நூறை இருபதால் வகுத்துப் பாருங்கள். எழுபத்தைந்து நாள் வெயில்!

‘தொழிலாளர் தங்குவிடுதிப் பக்கமே பொழுதுபோக்கு நிலையம் கட்டியிருக்கிறார்களே, அங்கே இருக்கலாமே’ என்றார் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி. தம்பி, நீ இருக்கும் இடம் பொங்கோல். அங்கே இல்லாத கடையா? பிறகு ஏன் வாரா வாரம் தேக்காவுக்கு வந்து வாழையிலையில் சாப்பிடுகிறாய்? பீருக்காக யாரும் ஒரு மணி நேரம் பேருந்தில் வருவதில்லை. ஊர்க்காரன் முகத்தைப் பார்க்க, பணம் அனுப்ப, முடி வெட்டிக்கொள்ள, வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட வருகிறார்கள். அதோடு சேர்ந்து வந்ததுதான் அந்த ஒரு டின். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் புலம்பினார்களே, அது மதுக்கடைக்காரர்கள் மட்டும் போட்ட புலம்பலா? பெட்டி விற்பவரும் தொலைபேசி அட்டை விற்பவரும் சேர்ந்து புலம்பினார்கள்.

மணி அடிக்கப் போகிறார் நடுவர், கை அந்தப் பக்கம் போகிறது. இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் ஐயா.

கொவிட் காலத்தில் இதே பத்தரை மணிக் கணக்கு எல்லாருக்கும் வந்தது. உணவகம், மதுக்கூடம் எங்கேயும் பத்தரைக்கு மேல் மது கிடையாது. 2022 மார்ச் 29ஆம் தேதிதான் எடுத்தார்கள். அதுவரை எத்தனை புலம்பல்! ‘வியாபாரம் போச்சு, வாழ்க்கையே போச்சு, பத்தரை மணிக்கு என்ன தூங்கவா போவார்கள்’ என்று மேசைக்காரர்கள் பேசியது என் காதில் இன்னும் இருக்கிறது. எடுத்த அன்று இரவு கொண்டாட்டம். நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் படிக்கட்டுக்கும் புல்வெளிக்கும் அந்தப் பத்தரை எடுக்கப்படவில்லையே, அதைப் பற்றி யாராவது ஒரு வரி பேசினார்களா? மேசைக்காரருக்கு வந்தால் நெருக்கடி, புல்வெளிக்காரருக்கு வந்தால் ஒழுங்கு.

‘குடிக்காதவளுக்கு ஏனம்மா இந்தக் கவலை?’ என்று நடுவர் சிரிக்கிறார். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தக் காலத்தில் இங்கே உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்தன. வேலை முடிந்து கூட்டாளிகளோடு கடை வாசலில் குந்திக்கொண்டு ஒரு குவளை குடித்துவிட்டு வருவார். அம்மா திட்டுவார். என்னைத்தான் கூப்பிட அனுப்புவார். ஒருநாளும் அவர் என்னைப் பார்த்துக் குவளையை ஒளித்ததில்லை. ‘வாம்மா, இரு, வர்றேன்’ என்பார், நான் கடலை தின்றுகொண்டு நிற்பேன். அன்றைக்குத் தொப்பியைக் கவிழ்த்தாரே ஒருவர், அவரைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

சரி, மணி அடித்துவிட்டார். நிகழ்ச்சி முடிய எப்படியும் பத்தரை ஆகிவிடும். அதற்குப் பிறகு உங்களில் சிலர் எதிரே இருக்கும் கோப்பிக்கடைக்குப் போவீர்கள், மூன்றாவது வரிசையும் சேர்த்துத்தான். நான் தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்காருவேன். யாரும் வந்து எதையும் கீழே ஊற்றச் சொல்லமாட்டார்கள், நமக்கு மேசை இருக்கிறது. நடுவரும் வாருங்கள் ஐயா, தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லிவிட்டு. நன்றி, வணக்கம்.