கணக்கு கேட்டதுக்குச் சங்கத்துலேர்ந்து நீக்கிட்டாங்க, என்ன பண்றது? (நேயர் கேள்விக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல இது ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. முழுசாப் படிச்சிடறேன்.

நேயரோடது குடியிருப்போர் நலச் சங்கம். 180 உறுப்பினர்கள், 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவானது. போர்வெல் ரிப்பேர் பில்லைப் பார்த்திருக்கார். ஒரே பில் புக்ல 41, 42, 43ன்னு அடுத்தடுத்த நம்பர். தேதி மட்டும் மார்ச், மே, ஜூலை. நடுவுல அந்தக் கடைக்கு வேற ஆளே வரலையா? நல்ல கேள்வி. ஆனா பில்லைப் போட்டோ எடுத்து, "பொருளாளர் திருடன்"னு எழுதி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டார். மூணே வாரத்துல செயற்குழு தீர்மானம்: "சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததால் உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்." அவர் கேக்கறது, முறைகேட்டை வெளிய சொல்றவங்களைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கே, அது என்னைக் காப்பாத்துமான்னு.

காப்பாத்தாதுங்க. 2014ல பார்லிமென்ட் நிறைவேத்தின சட்டம் அரசு ஊழியர் மேல வர்ற புகாருக்கானது. அதையும் நடைமுறைக்குக் கொண்டுவரலை. உங்க சங்கத்துக்கு அது எப்படியும் பொருந்தாது. உங்களைக் காப்பாத்தக்கூடியது உங்க பைலாதான், அதாவது சங்கத்தோட விதிகள். முன்னாடி பைலா பத்திப் போட்ட வீடியோவுல சொன்னதையே திரும்பச் சொல்றேன்: சங்கத்து உறுப்பினர் பதிவேட்டுல பேர் இருக்கறவரைக்கும்தான் நீங்க உறுப்பினர். முதல்ல பேரைக் காப்பாத்துங்க, பில்லு அப்புறம்.

கோர்ட்டுல போய் "நான் சொன்னது உண்மை"ன்னு ஆரம்பிச்சா வேலைக்கு ஆகாது. உச்ச நீதிமன்றத்துல ஒரு பழைய தீர்ப்பு. பெல்காம் விக்டோரியா லாட்ஜ்ங்கற ஃப்ரீமேசன் சங்கத்துலேர்ந்து நீக்கப்பட்ட டி.பி.டாவர் போட்ட வழக்கு. அவர் தோத்துட்டார். ஆனா அதுல சொன்ன அளவுகோல்தான் இன்னைக்கும் எடுபடுது. நீக்கறதுன்னா விதிப்படி நீக்கணும், இயற்கை நீதியைப் பின்பற்றணும் (குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, பாரபட்சம் இல்லாம விசாரிக்கணும்), உள்நோக்கம் இருக்கக் கூடாது. இதெல்லாம் சரியா இருந்தா, குற்றச்சாட்டு சரியா தப்பான்னு கோர்ட் மறுபடி உக்காந்து எடைபோடாது.

அதனால நீங்க தேட வேண்டிய ஓட்டை நடைமுறையிலதான். நீக்கற அதிகாரம் பைலால செயற்குழுவுக்கா, பொதுக்குழுவுக்கா? நோட்டீஸ்ல எந்தத் தேதி, எந்த வார்த்தைன்னு குறிப்பாச் சொன்னாங்களா, வெறும் "களங்கம்"தானா? கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இருந்ததா? அஜெண்டால இந்தப் பொருள் இருந்ததா, இல்ல "தலைவர் அனுமதிக்கும் இதர பொருள்கள்"ல நுழைச்சாங்களா? முக்கியமா, புகாருக்கு ஆளான பொருளாளரே உக்காந்து கை தூக்கினாரா? அதுக்கு அப்பவே எழுத்துல ஆட்சேபம் சொல்லணும். அப்ப பேசாம இருந்துட்டு கோர்ட்டுல சொன்னா, ஒத்துக்கிட்டுத்தான் இருந்தார்னு எதிர்த்தரப்பு வாதாடும்.

பல பேர் தப்பு பண்ற இடம், நோட்டீஸுக்குப் பதிலே போடாம விடறது. இல்லன்னா நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதறது. ரெண்டும் அவங்களுக்குத்தான் லாபம். ஒரு பக்கம் போதும்: குற்றச்சாட்டை மறுக்கறேன், ஆதார நகல் கொடுங்க, பொருளாளர் விசாரணையில உக்காரக் கூடாது. ஒப்புகையோட விரைவு அஞ்சல்ல அனுப்புங்க.

இன்னொரு வித்தை இருக்கு, இதுல யாரும் நீக்கவே மாட்டாங்க. சந்தா கட்டப் போனா "பொருளாளர் ஊர்ல இல்லை"ன்னு வாங்காம அனுப்புவாங்க. அப்புறம் சந்தா பாக்கின்னு பேரை அடிச்சிடுவாங்க. புகார் கொடுத்த நாள்லேர்ந்து சந்தாவை சங்கத்தோட வங்கிக் கணக்குக்கே அனுப்புங்க. "இந்த வருஷச் சந்தா"ன்னு குறிப்பு எழுதுங்க.

சரி, பேர் பேர்னு ஏன் இவ்வளவு சொல்றேன்? நேயர் என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே வேற: "இந்தப் பில்லை யார்கிட்ட, எப்படிக் கொண்டு போயிருக்கணும்?" தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தோட 36ஆவது பிரிவுல மாவட்டப் பதிவாளர் சங்கத்து நிர்வாகத்தையும் கணக்கையும் விசாரிக்கலாம். அவராவே எடுக்கலாம், கலெக்டர் சொல்லியும் எடுக்கலாம், செயற்குழுவுல பெரும்பான்மை கேட்டும் எடுக்கலாம். இல்லன்னா உறுப்பினர்கள்ல மூணுல ஒரு பங்கு கையெழுத்து. 180 பேருக்கு 60. தனி ஆளா மனு கொடுத்தா எடுக்கறதும் விடறதும் அவர் இஷ்டம். அந்த அறுபதுல ஒருத்தர் பேர் பதிவேட்டுல இல்லன்னாலும் ஐம்பத்தொன்பதுதான். யாரை நீக்கினா எண்ணிக்கை குறையும்னு அவங்களுக்கும் கணக்குத் தெரியும்.

இடமும் முக்கியம். குரூப்ல "திருடன்"னு போட்டா பாரதிய நியாய சன்ஹிதா 356ல அவதூறு வழக்கு வரலாம், ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை. அதே விஷயத்தை நல்லெண்ணத்தோட, விசாரிக்க அதிகாரம் உள்ள பதிவாளர்கிட்ட மனுவாக் கொடுத்தா அதுக்கு அதே பிரிவுல விதிவிலக்கு இருக்கு. அப்பவும் "திருடன்" வேண்டாம். "41, 42, 43 எண்கள் அடுத்தடுத்து, தேதிகள் இரண்டிரண்டு மாத இடைவெளியில், விளக்கம் தேவை" போதும். மூல வவுச்சரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, அது உங்க மேலயே திருட்டுப் புகாரா வரும்.

சங்கத்தை நேரா ஆர்டிஐல (தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல) கேக்க முடியாது. ஆனா சங்கம் தாக்கல் பண்ண வரவு செலவு அறிக்கையை, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலர்கிட்ட பத்து ரூபா கட்டணத்துல கேக்கலாம். 2013ல தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்குல உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இந்த வழியைத்தான் காட்டிச்சு.

இந்த நேயர் இப்ப செய்ய வேண்டியது. பைலால பொதுக்குழுவுக்கு மேல்முறையீடு இருந்தா முதல்ல அதைப் போடுங்க, இல்லன்னா அதையே காரணம் காட்டுவாங்க. அப்புறம் உரிமையியல் நீதிமன்றத்துல, தீர்மானம் செல்லாதுன்னு கோர்ட் அறிவிக்கற விளம்புகைக்கும் இடைக்காலத் தடைக்கும் மனு. வழக்கு போட மூணு வருஷம் காலக்கெடு இருக்குன்னு சும்மா இருந்தா, தடை மனு பலவீனமாயிடும். சங்கத் தேர்தல் அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே போடுங்க. பில் விவகாரத்தை இந்த வழக்குல கலக்காதீங்க, அது பதிவாளர்கிட்டயே இருக்கட்டும்.

அதுவரைக்கும் பொதுக்குழுவுக்குள்ள வலிய நுழையாதீங்க. கலாட்டான்னு ஒரு போலீஸ் புகாருக்கு நீங்களே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆயிடும். கூட்டத்துக்கு முன்னாடியே செயலாளருக்கு ஆட்சேபக் கடிதம், நகல் பதிவாளருக்கு. வாசல்ல தடுத்தாங்கன்னா, கூட இருக்கற ரெண்டு உறுப்பினர்கள்கிட்ட நேரம் குறிச்சுக் கையெழுத்து வாங்கிக்கிட்டுத் திரும்பிடுங்க.