ஹெமி குடாவின் பிளக் ஒயர்களும் 20 ரூபாய்க் கம்பியும்

வணக்கம், நண்பர்களே. ஊதா வண்ணம் பூசி முடித்த மாடல் காரின் உடற்பகுதியை இன்று காட்டுவதாகச் சென்ற காணொளியில் வாக்களித்திருந்தேன். அது தூசி படாமல் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். என் விரல்களுக்கு நடுவே இருக்கும் இந்தக் கம்பித் துண்டைப் பற்றிப் பேசாமல் வேறு எதையும் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. கேமராவுக்கு அருகில் கொண்டு வருகிறேன், பாருங்கள். மின்விசிறி மோட்டாருக்குச் சுற்றுவார்களே, அதே எனாமல் பூசிய செம்புக் கம்பிதான். 33 கேஜ். விலை 20 ரூபாய். இந்த விலையைக் காணொளி முடிவதற்குள் நான் இன்னும் பலமுறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் கட்டிக்கொண்டிருப்பது 1970-ஆம் ஆண்டின் அமெரிக்கக் காரான பிளிமத் ஹெமி குடாவின் மாடல், உண்மைக் காரில் 25இல் ஒரு பங்கு அளவில். அந்த ஆண்டு ஹெமி எஞ்சினோடு வந்த குடாக்களில் 652 நிலையான கூரை கொண்டவை, 14 மட்டுமே மடக்குக் கூரை கொண்டவை. நான் செய்வது நிலையான கூரை வகை. மடக்குக் கூரையைச் செய்யுமாறு கேட்பவர்களுக்கு நான் ஏற்கெனவே பலமுறை பதில் சொல்லிவிட்டேன்: ஜான் ஹெர்லிட்ஸ் வரைந்த அந்த உடலின் அழகு முழுவதும் கூரை பின்னோக்கிச் சரிந்து, பின்சக்கரத்தின் மேலுள்ள தோள்பட்டையில் வந்து அமரும் இடத்தில்தான் இருக்கிறது. கூரையை எடுத்துவிட்டு மிச்சத்தை ரசிக்க என்னால் இயலாது.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். 426 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 7 லிட்டர். நிறுவனம் அறிவித்த திறன் 425 குதிரைத்திறன். இதன் எரிப்பறை அரைக்கோள வடிவமானது, ஹெமி என்ற பெயரே அதனால் வந்தது. வால்வுகள் இரண்டும் அந்தக் கோளத்தின் இரு பக்கங்களிலும் சாய்ந்து நிற்பதால், ஸ்பார்க் பிளக்குக்கு உச்சியின் நடுப்பகுதியில் இடம் கிடைக்கிறது. ஆகவே பிளக் ஒயர்கள் வால்வு மூடியின் நடுவிலேயே, பக்கத்துக்கு நான்காக, நேராக உள்ளே இறங்குகின்றன. மற்ற அமெரிக்க வி8 எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் பிளக்குகள் புகைக்குழாய்களுக்கு அருகே கீழே ஒளிந்துகொள்ளும். அங்கே ஒயரைச் சற்று அலட்சியமாகச் செருகினாலும் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஹெமியில் அந்தச் சலுகை கிடையாது. அதிலும் குடாவில், எஞ்சினின் மேல் அமர்ந்து பானெட்டைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கும் ஷேக்கர் என்னும் காற்றுவாயில், இரண்டு கார்புரேட்டர்களையும் முழுவதுமாக மறைத்துவிடுகிறது. பானெட்டைத் திறப்பவர் கண்ணில் படுவது இரண்டு கரிய வால்வு மூடிகளும் அவற்றுக்குள் இறங்கும் எட்டு ஒயர்களும்தான். இந்த எஞ்சினுக்கு முகம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த எட்டு ஒயர்கள்தான் என்பேன்.

இனி என் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை, ஒயர்கள் ஏற்கெனவே இணைக்கப்பட்ட மாடல் பாகமாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அனுப்பும் கட்டணம் பொருளின் விலையை விஞ்சியது. எல்லாம் சேர்ந்து 2,150 ரூபாய் ஆனது. உறை பார்க்க அழகாகவே இருந்தது, அட்டையில் 24, 25 என இரண்டு அளவுகளுக்கும் பொருந்தும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நுண்ணளவு காட்டும் வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒயரின் தடிமனை அளந்தேன். அரை மில்லிமீட்டர். இதை 25ஆல் பெருக்குங்கள்: பன்னிரண்டரை மில்லிமீட்டர். அக்காலத்து பிளக் ஒயரின் வெளிவிட்டம் சுமார் 7 மில்லிமீட்டர்தான். அதாவது, 2,150 ரூபாய் கொடுத்து, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் அரை அங்குலக் குழாயை என் ஹெமியின் தலையில் செருகிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். அதுவும் பளபளக்கும் பிளாஸ்டிக் உறையோடு, வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்காமல் நிமிர்ந்துகொள்ளும் பிடிவாதத்தோடு.

இரண்டு அளவுகளுக்கும் பொருந்தும் என்ற அந்த வாசகத்தையும் ஒரு நிமிடம் கவனிப்போம். 24இல் ஒரு பங்கு என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கு; ஜப்பானிய நிறுவனங்கள் கார்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றுகின்றன. அமெரிக்க கிட்களில், அதாவது பாகங்களாகப் பெட்டியில் வரும் மாடல்களில், பெரும்பாலானவை 25இல் ஒரு பங்கு. குடாவின் சக்கர இடைவெளி 108 அங்குலம். 25ஆல் வகுத்தால் ஏறத்தாழ 110 மில்லிமீட்டர், 24ஆல் வகுத்தால் 114 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உடற்பகுதியில் இந்த நான்கு மில்லிமீட்டர் பெரிய வேறுபாடு, ஒன்றின் அடிச்சட்டம் மற்றொன்றில் நுழையவே நுழையாது. ஆனால் 7 மில்லிமீட்டர் ஒயரில் வேறுபாடு 0.28க்கும் 0.29க்கும் இடையே மட்டுமே. ஆகவே பொருந்தும் என்று அவர்கள் சொன்னது ஒரு வகையில் உண்மைதான்: இரண்டு அளவுகளிலும் அது ஒரே மாதிரி தவறாக இருக்கிறது.

எனக்குத் தேவை 0.28. இந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டுதான் எங்கள் பகுதியில் உள்ள மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன். கம்பியின் தடிமனைக் குறிக்கும் எஸ்.டபிள்யூ.ஜி. கேஜ் அட்டவணைப்படி 33 கேஜ் என்றால் செம்பின் விட்டம் 0.254 மில்லிமீட்டர், அதன் மேல் எனாமல் ஒரு படலம் உண்டு. கடைக்காரர் கிலோ கணக்கில்தான் விற்பார். எனக்கு இரண்டு முழம் போதும் என்றபோது நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த மோட்டாருக்குத் தம்பி?” என்றார்.

“ஏழு லிட்டர் மோட்டாருக்கு அண்ணே” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சுருளின் அடியில் மிஞ்சியிருந்த கம்பியைப் பிரித்து, ஒரு பழைய ஃபான் அட்டையில் சுற்றி, 20 ரூபாய் என்றார். நான் பேரம் பேசவில்லை. அந்த அட்டையில் இருப்பதைக் கொண்டு இன்னும் பல ஹெமிகளுக்கு ஒயர் போட்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்து அளந்தபோது எனாமலோடு சேர்த்து வெர்னியர் 0.28 என்று காட்டியது. நண்பர்களே, அந்த எண்ணைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். வண்ணம் பூசிய பிறகு 0.30ஐ ஒட்டி வந்தது. பெருக்கிப் பார்த்தால் ஏழரை மில்லிமீட்டர். உண்மை ஒயரிலிருந்து அரை மில்லிமீட்டர்தான் தள்ளியிருக்கிறது, அதை இந்த உலகில் எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

வண்ணம் பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன், அதற்குத் திரும்புகிறேன். சுருளிலிருந்து எடுத்த கம்பி சுருளின் வளைவை மறக்காது. இரு முனைகளையும் குறடுகளால் பிடித்து, மெல்ல, கம்பி சற்றே நீள்வது கைக்குத் தெரியும் வரை இழுத்தால், அது அம்பைப் போல் நேராகிவிடும். அதன் பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, பிரைமரை மிக மெல்லியதாகத் தூவ வேண்டும். எனாமல் வழுவழுப்பானது, பிரைமர் இல்லாமல் பூசினால் முதல் வளைவிலேயே கருப்பு செதிளாக உதிர்ந்து செம்பு எட்டிப் பார்க்கும். மேல் பூச்சுக்கு முழுக் கருப்பைத் தொடாதீர்கள். ரப்பர் வெயிலில் கருப்பாக இருப்பதே இல்லை. கருப்பில் அடர் சாம்பலைக் கலந்து, பளபளப்பே இல்லாமல் பூசுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு அந்த 2,150 ரூபாய்ப் பொருளைத் தொடவே இல்லை. கிட்டில் வந்த மூடியிலேயே துளையிட்டேன். சுற்றிலும் எட்டு, நடுவில், உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்கு ஒன்று. 0.3 மில்லிமீட்டர் துளைமுனையைக் கைத்துளைப்பானில் பொருத்தி, ஊசியால் முதலில் ஒரு புள்ளி குத்திவிட்டு, அழுத்தாமல் சுழற்ற வேண்டும். அழுத்தினால் துளைமுனை முறியும், முறிந்த துண்டு உள்ளேயே தங்கிவிடும்.

எந்தத் துளையிலிருந்து எந்த சிலிண்டருக்கு ஒயர் போகிறது என்பதை முக்கால்வாசிப் பேர் பொருட்படுத்துவதில்லை, எனக்கு அதைக் கண்டால் ஆகாது. எட்டு ஒயரும் எட்டுத் துளையும் இருக்கும்போது சரியாகப் போடுவதற்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவில்லையே! பிளிமத்தின் தாய் நிறுவனமான கிரைஸ்லரின் எஞ்சினில் ஓட்டுநர் பக்கத்தில் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. மறுபக்கத்தில் 2, 4, 6, 8. அமெரிக்க கார் என்பதால் ஓட்டுநர் பக்கம் இடப்பக்கம். காரை எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது வலக்கைப் பக்கமாகத் தெரியும். தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. ஹெமியின் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்புறத்தில் சாய்ந்து நிற்கிறது, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே மூடியில் அந்த வரிசையை எதிர்த்திசையில் எழுதிக்கொள்ள வேண்டும். இதே நிறுவனத்தின் 340 கன அங்குலம் போன்ற சிறிய வி8களில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்புறத்தில் இருக்கும், சுழற்சியும் மறுதிசை. இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துப் போடுகிறவர்கள் இங்கேதான் குழம்பிவிடுகிறார்கள்.

ஒயரை வளைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உண்மையான ஒயர் தன் எடையால் தானே தொய்கிறது. நம் அளவில் இந்தக் கம்பிக்கு எடை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. தொய்வை நாம்தான் கொடுக்க வேண்டும். பல்குச்சியின் மேல் வைத்து விரலால் ஒரு முறை அழுத்தினால் போதும். எட்டையும் ஒரே வளைவாக வளைத்துவிடாதீர்கள், சீப்பின் பற்களைப் போல் நின்றால் எல்லாம் கெட்டது. செம்பு வளைத்த இடத்தில் நிற்கும் என்பதுதான் அதன் பெருமை. 20 ரூபாய்.

வால்வு மூடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையான மூடியில் சுருக்கம் விழுந்த கருப்புப் பூச்சு இருக்கும். அதைக் காட்டுவதற்காகச் சமையல் சோடாவை ஈர வண்ணத்தின் மேல் தூவுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உண்மையில் அரை மில்லிமீட்டர் உயரமுள்ள சுருக்கம் நம் அளவில் 0.02 மில்லிமீட்டர். சோடாத் துகள் அதைவிடப் பல மடங்கு பெரியது. மூடி சரளைக் கல் கொட்டிய சாலையாகிவிடும். தெளிப்பானைச் சற்று விலக்கிப் பிடித்து, வண்ணம் காற்றிலேயே பாதி உலர்ந்து விழும்படி தூவினால், விரலால் தடவினால் மட்டுமே உணரக்கூடிய ஒரு சொரசொரப்பு வரும். அது போதும்.

ஊதா வண்ணத்துக்குக் கார் பட்டறையில் கலந்து தரும் வண்ணத்தை நான் ஏன் வாங்கவில்லை என்று கேட்டவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். பிளிமத் இந்த நிறத்தை இன்-வயலட் என்றது, டாட்ஜ் இதையே பிளம் கிரேஸி என்று விற்றது. இரண்டுக்கும் எஃப்சி7 என்ற ஒரே குறியீடு. அது மெட்டாலிக் வண்ணம், அலுமினியச் செதிள்கள் கலந்தது. பட்டறை வண்ணத்தில் 30 மைக்ரான் செதிள் இருந்தால், 25ஆல் பெருக்கும்போது முக்கால் மில்லிமீட்டர் ஆகிறது. தொழிற்சாலையிலிருந்து அப்படி ஒரு கார் வெளியே வந்ததில்லை. ஆகவே செதிள் மிக நுண்ணியதாக உள்ள மாடல் வண்ணத்தையே, விலை அதிகம் என்றாலும், வாங்கினேன். சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் வேறு.

கடைசியாக பானெட். ஷேக்கர் பானெட்டில் பொருத்தப்படுவதில்லை, எஞ்சினில் பொருத்தப்படுகிறது; எஞ்சின் ஆடும்போது அதுவும் ஆடும், பெயரே அதனால் வந்தது. மாடலில் இதன் விளைவு என்னவென்றால், எஞ்சின் அரை மில்லிமீட்டர் முன்னே நின்றாலும் ஷேக்கர் பானெட்டின் துளை விளிம்பில் இடிக்கும். இதற்காகவே எஞ்சினை நிரந்தரமாக ஒட்டாமல், எளிதில் எடுத்துவிடக்கூடிய பசைக்களியில் நிறுத்தி, பானெட்டை மூடி மூடிப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டேன். அந்தத் தடித்த ஒயர்களை வைத்துப் பார்த்தபோது, ஷேக்கரின் அடித்தட்டுக்கும் வால்வு மூடிக்கும் இடையே அவை மாட்டிக்கொண்டு, தட்டு சாய்ந்து, பானெட் மூலையில் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. செம்புக் கம்பிகளை வைத்த பிறகு மூடுகிறேன், பாருங்கள். விளிம்பைச் சுற்றிலும் ஒரே இடைவெளி. மறுபடியும் திறக்கிறேன். மறுபடியும் மூடுகிறேன். இதை நான் காலையிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன்.

ஹீட்டர் குழாய்கள் இன்னும் பாக்கி. அவற்றுக்கு 0.9 மில்லிமீட்டர் தடிமனில், வளைத்தால் நசுங்காத ஏதாவது வேண்டும்; ஈயக் கம்பியா, சால்டர் கம்பியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த காணொளியில் இரண்டையும் வளைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு நிச்சயமாக உடற்பகுதியைக் காட்டுகிறேன். வைண்டிங் கடைக்குப் போகிறவர்கள் 33 கேஜ் என்று கேளுங்கள், வெர்னியரைக் கையோடு கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.