ஈஸ்டருக்குப் புத்தாடை ஆடம்பரமா? – சந்தேகத்திற்கு விளக்கம்

அடுத்த கேள்வியை இரண்டு பிள்ளைகளின் தாயார் ஒருவர் அனுப்பியிருக்கிறார். "ஈஸ்டருக்குப் புதுத்துணி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கள் ஜெபக்குழுவில் மூத்தவர் ஒருவர், அது உலக ஆடம்பரம், தாழ்மையுள்ள விசுவாசிக்குத் தகாது என்கிறார். எடுத்துக் கொடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்கிறார். நான் போதகர் அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துச் சபை ஒன்றின் சாதாரண அங்கத்தினன், ஒரு பெண்ணுக்கும் ஒரு பையனுக்கும் தகப்பன். அந்த முறையில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்லுகிறேன். எடுத்துக் கொடுங்கள், சகோதரி. கடன் வாங்காமல் எடுத்துக் கொடுங்கள்.

அந்த மூத்தவர் வேதாகமத்தில் பேதுரு எழுதிய கடிதமான முதலாம் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தை மனதில் வைத்துத்தான் பேசியிருப்பார். மயிரைப் பின்னுவதும், பொன் அணிவதும், உயர்ந்த வஸ்திரம் உடுத்துவதும் உங்களுக்கு அலங்காரமாயிருக்க வேண்டாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஆனால் மூலமான கிரேக்கத்தில் 'உயர்ந்த' என்ற சொல் கிடையாது. வஸ்திரம் உடுத்துதல் என்று மட்டுமே இருக்கிறது. அதை அப்படியே சட்டமாக்கினால் துணி உடுத்துவதையே விட்டுவிட வேண்டியிருக்கும். ஆகவே அப்போஸ்தலன் துணியைத் தடுக்கவில்லை. நம்முடைய மதிப்பைத் துணியில் கொண்டுபோய் வைப்பதைத்தான் தடுக்கிறார் என்பது என் எண்ணம்.

ஈஸ்டருக்கும் புத்தாடைக்கும் உள்ள உறவு ஜவுளிக்கடைக்காரர்கள் உண்டாக்கியது அல்ல. ஆதித் திருச்சபையில் புதிதாக வந்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின இரவில் ஞானஸ்நானம் கொடுத்து, தண்ணீரிலிருந்து ஏறியவுடன் வெள்ளை அங்கியை உடுத்துவார்கள். அவர்கள் அந்த வாரம் முழுவதும் அதை அணிந்திருந்தபடியால்தான், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறுக்கு வெள்ளாடைகளைக் குறிக்கும் பெயர் லத்தீன் வழக்கில் வந்து சேர்ந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டீர்கள் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை அந்த மக்கள் கண்ணால் பார்த்தார்கள். அந்த வெள்ளை அங்கியில் பணக்காரன் யார், அடிமை யார் என்று பிரித்தறிய முடியாது என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம்.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு ஆடையை அற்பம் என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. இந்த மாவட்டம் அன்று தென் திருவிதாங்கூராக இருந்தது. நாடார் முதலிய சமூகங்களின் பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்ற கொடுமை இங்கே நடைமுறையில் இருந்தது. மிஷனெரிகளின் பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் வரத் தொடங்கிய பெண்கள் ரவிக்கை அணிந்தபோது, சந்தையிலும் தெருவிலும் அவர்களுடைய மேலாடைகள் கிழித்தெறியப்பட்டன, ஆலயங்கள் தாக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் நீடித்த அந்தத் தோள்சீலைப் போராட்டத்திற்குப் பிறகு, 1859 ஜூலையில்தான் திருவிதாங்கூர் மன்னர் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று பிரகடனம் செய்தார். அதிலும், உயர்ந்த சாதிப் பெண்கள் உடுத்துகிறபடி உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. இந்த மண்ணில் ஒரு பாட்டி விறைப்பாகக் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையை உடுத்து, தோளை மூடிக்கொண்டு, அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்துக்கு வந்து முழங்காற்படியிடும்போது, அதைப் பெருமை என்று சொல்லக்கூடியவர் யார்?

அப்படியானால் ஆடையில் ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, என்னிடத்திலேயே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில் வருகிறவர்களுக்கு இடம் காட்டுகிற வேலை எனக்கு. முந்தின இரவு இரண்டு மணி வரை நின்று தேய்த்த வெள்ளைச் சட்டையை நான் போட்டிருந்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிற பெரியவர் ஒருவர், பால் உறைந்து கறுத்த கறையோடு கூடிய சாம்பல் நிறச் சட்டையில், எல்லாருக்கும் முன்னதாகவே வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பம் ஒன்று கோட்டும் பட்டுமாக உள்ளே நுழைந்ததும், நான் அவரிடம் குனிந்து, "தாத்தா, அந்தப் பக்கம் காற்று வரும்" என்று சொல்லி, தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து வந்தார். அப்போது அது எனக்குத் தவறாகவே தோன்றவில்லை.

வீட்டில் அப்பமும் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அன்று எட்டு வயதாயிருந்த என் மகள், "அப்பா, தூணுக்குப் பின்னால ஃபேனே இல்லியே, அந்தத் தாத்தாவை ஏன் அங்க கொண்டு போனீங்க?" என்று கேட்டாள். யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, கந்தை உடுத்தின ஏழையை நிற்கச் சொல்லுகிற ஒருவன் வருகிறான். அந்தப் பகுதியை நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அடுத்த வாரம் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு நேராக வந்ததால் சட்டை மாற்ற நேரம் இல்லை என்று, என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதன் பிறகு யோவான் 20ஆம் அதிகாரத்தை வேறு விதமாக வாசிக்கிறேன். கல்லறையில் சீலைகள் கிடக்கின்றன; தலையில் சுற்றியிருந்த துணி தனியே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவரை மகதலேனா மரியாள் பார்த்து, தோட்டக்காரர் என்று நினைத்துக்கொள்ளுகிறாள். அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் யாரும் எழுந்து முன்வரிசையைக் கொடுக்கும்படியான தோற்றத்தில் அவர் இருக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. அன்று எங்கள் ஆலய வாசலில் அவர் வந்து நின்றிருந்தால், நான் அவரையும் தூணுக்குப் பின்னால்தான் அனுப்பியிருப்பேன்.

எனவே, சகோதரி, பிள்ளைகளுக்கு உங்கள் கைக்கு எட்டினதை எடுத்துக் கொடுங்கள். பழைய துணியைத் துவைத்துத் தேய்த்துப் போட்டாலும் குறைவில்லை. புதிய துணியோடு ஆலயத்திற்குள் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரைப் பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மகளுக்கு இந்த ஆண்டுப் பாவாடை தையற்காரரிடம் இருக்கிறது. மகனுக்குச் சட்டை வேண்டாமாம், கால்பந்து காலணி போதுமாம். அதை மாட்டிக்கொண்டு விடியற்கால ஆராதனைக்கு வரலாமா என்பதைப் பற்றித்தான் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.