பூஞ்சைக்கொல்லி பூஞ்சையோடு நிற்கிறதா?

(திரையில்: நுண்ணோக்கியில் ஒரு டாப்னியா)

இது டாப்னியா. குளத்து நீரில் வாழும், சில மில்லிமீட்டரே உள்ள ஓட்டுயிரி. ஒளி ஊடுருவும் உடல் என்பதால் இதயம் துடிப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். வயலில் அடித்த மருந்து மழையோடு ஓடிக் குளத்தில் சேர்ந்தால் இதற்கு என்ன ஆகும்?

பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குஞ்சுகளை, வெவ்வேறு அளவு மருந்து கலந்த நீரில் விடுகிறார்கள். 48 மணி நேரம் கழித்துக் குவளையை மெல்ல அசைக்கிறார்கள். 15 விநாடிக்குள் நீந்தாவிட்டால் அசைவிழந்ததாகக் கணக்கு. எந்தச் செறிவில் பாதிக் குஞ்சுகள் அசைவிழக்கின்றனவோ, அதுதான் பதிவாகும் எண். எண் சிறிதானால் நச்சு பெரிது.

சரி, பூஞ்சைக்கான மருந்து இதை ஏன் தாக்குகிறது? பூஞ்சை, செடியைவிட விலங்குக்குத்தான் நெருங்கிய சொந்தம். அசாக்சிஸ்ட்ரோபின் என்ற மருந்து, மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்திக்கு வேண்டிய ஒரு புரதத் தொகுதியை முடக்குகிறது. அந்தத் தொகுதி டாப்னியாவிடமும் உண்டு, மீனிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு.

(திரையில்: நெளியும் உருளைப்புழு)

எனக்கு இதைவிடச் சுவையாகத் தெரிவது பெனோமில் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லியின் கதை. இது செல்லின் உள்சட்டகத்தைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். 1 மில்லிமீட்டர் நீளமுள்ள சீ. எலிகன்ஸ் புழுவை இதில் வளர்த்தால், நகர முடியாமல் தடுமாறும். ஆனால் பென்-1 என்ற ஒரே மரபணு பழுதான புழு, அதே மருந்தில் ஜாலியாக நெளிகிறது! பென்-1 உருவாக்குவது ஒரு வகை டியூபுலினை. அது இல்லையென்றால் மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை; புழுவிடம் உள்ள மற்ற டியூபுலின்கள் வேலையைச் சமாளித்துவிடுகின்றன. குடற்புழுவுக்கு நாம் விழுங்கும் அல்பெண்டசோல் மாத்திரையும் இதே வேதிக் குடும்பம்தான்.

(திரையில்: முதுகுப் பையில் குஞ்சுகளுடன் டாப்னியா)

48 மணி நேரத்தில் சாகவில்லை என்பதால் மருந்து சாது என்று சொல்லிவிட முடியாது. அதனால் 21 நாள் சோதனையும் உண்டு. அதில் தாய் பிழைத்ததா என்பதோடு, எத்தனை குஞ்சு ஈன்றது என்றும் எண்ணுகிறார்கள். டாப்னியா ஆண் துணையின்றியே பெருகும். ஆய்வகத்தில் ஒரே வம்சத்தின் நகல்களைத்தான் வளர்க்கிறார்கள். ஆகவே சுத்த நீரில் இருப்பவற்றைவிட மருந்து நீரில் குஞ்சுகள் குறைந்தால், மரபின் மேல் பழி போட வழியில்லை.