இருதய கிளினிக்குக்குப் போகிறவர்கள் வாயையும் திறந்து காட்ட வேண்டும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். கடற்காற்றுப் பலமாக இருப்பதால் இடையிடையே இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரஷருக்கும் இருதய வருத்தத்துக்கும் கிளினிக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மாதாமாதம் வைத்தியசாலைக்குப் போகிற நம்மவர்களோடுதான் இன்று பேச விரும்புகிறேன். இரத்தம் கொடுக்கிறார்கள், ஈசிஜி எடுக்கிறார்கள், குளிசைகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஆனால் பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம் வருகிறது என்று அங்குள்ள வைத்தியரிடம் சொல்பவர்கள் மிகக் குறைவு. பல் பிடுங்கப் போகிறவர்களும் அப்படியே. வால்வு மாற்றியிருப்பதையோ, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பதையோ பல் வைத்தியர் கேட்டால் மட்டும் சொல்லலாம் என்று இருந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு வைத்தியர்களுக்கும் நடுவே செய்தி கொண்டுபோகக்கூடிய ஒரே ஆள் நோயாளிதான் என்பதால், அவருக்கு இந்த விபரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் முரசு. பல்லும் முரசும் சேருகிற விளிம்பில் படிகிற மெல்லிய படலம் பெரும்பாலும் பற்றீரியாக்களால் ஆனது. அதை அன்றன்று துலக்கி எடுக்காவிட்டால் இறுகிக் காரையாகிறது; முரசு சிவந்து வீங்கிப் பல்லைவிட்டு விலக, இடையில் குழி விழுகிறது. வாய் முழுவதும் இப்படி ஆழமான குழிகள் உள்ள ஒருவருக்கு, புண்ணான பரப்பை எல்லாம் சேர்த்தால் 8 முதல் 20 சதுர சென்ரிமீற்றர் வரை வரலாம் என்று கணித்திருக்கிறார்கள். கையில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் நாம் ஒரு நாளும் சும்மா இருக்க மாட்டோம். வாய்க்குள் இருப்பதால், அதுவும் பெரும்பாலும் வலிக்காததால், பல வருடங்கள் அப்படியே விட்டுவிடுகிறோம். அந்தப் புண் வழியாகப் பற்றீரியாக்கள் இரத்தத்துக்குள் போகின்றன, அழற்சியும் உடம்பு முழுவதும் மெதுவாகப் பரவுகிறது.

இதற்கும் மாரடைப்புக்கும் என்ன தொடர்பு? பின்லாந்தில் 1989 ஆம் ஆண்டு, மாரடைப்பு வந்த 100 பேரையும் வராத 102 பேரையும் ஒப்பிட்டபோது, மாரடைப்பு வந்தவர்களின் பற்களே மோசமாக இருந்தன. அடைத்துப்போன நாடிகளின் கொழுப்புப் படிவுகளிலும் முரசு நோயை உண்டாக்கும் பற்றீரியாவின் மரபணுத் தடயங்களைப் பின்னர் கண்டுபிடித்தார்கள். 2007 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, கடுமையான முரசு நோயுள்ள 120 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் முரசுக்குத் தீவிரமான சிகிச்சை பெற்றவர்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் தன்மை, மறுநாள் சற்றுக் குறைந்திருந்தாலும், ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தது.

ஆனால் பல் துலக்கினால் மாரடைப்பு வராது என்று இந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு யாரும் சொல்லிவிடக் கூடாது. அமெரிக்க இருதய சங்கம் 2012 இல் அன்றைக்கு இருந்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து, இரண்டுக்கும் தொடர்பு இருப்பது உண்மை, ஆனால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. புகைத்தலும் சீனி வருத்தமும் முரசையும் கெடுக்கின்றன, இருதயத்தையும் கெடுக்கின்றன. ஆகவே எது எதனால் வந்தது என்று பிரித்தெடுப்பது கடினம்.

முரசு நோய் எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்குவதில்லை என்பதை விளங்கிக்கொள்ள நமது நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு உதவுகிறது. 1970 முதல் 1985 வரை, பல் துலக்கும் வழக்கமோ பற்சிகிச்சையோ இல்லாத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். எல்லோர் பற்களிலும் ஒரே மாதிரி அழுக்கும் காரையும் இருந்தும், ஏறக்குறைய 8 வீதமானோருக்கு நோய் மிக வேகமாகப் பற்களைத் தாங்கும் எலும்பைத் தின்றது, 81 வீதமானோருக்கு மிதமாக இருந்தது, 11 வீதமானோருக்கு வெறும் முரசு அழற்சிக்கு மேல் போகவேயில்லை. அழுக்கு மட்டுமல்ல, அதற்கு எதிராக உடம்பு எப்படிக் கொதிக்கிறது என்பதும் முக்கியம் என்று அந்த ஆய்வு காட்டியது. இவ்வளவு காலம் அந்தத் தொழிலாளர்களுக்குப் பற்சிகிச்சையே கிடைக்காமல் இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

வெற்றிலை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாக்கும் புகையிலையும் முரசைக் கெடுப்பதோடு வாய்ப் புற்றுநோயையும் உண்டாக்குகின்றன.

இனி, சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு தொடர்பைப் பார்ப்போம். சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்து வால்வு பழுதடைந்தவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள், பிறவியிலேயே சில வகை இருதயக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு, வாயிலிருந்து இரத்தத்துக்குள் புகும் பற்றீரியா அந்த வால்வில் ஒட்டி வளர்ந்து அதை அரித்துவிடலாம். அப்படி வந்துவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் வரை ஊசி மூலம் மருந்து ஏற்ற வேண்டும்; சிலருக்குச் சத்திரசிகிச்சையும் தேவைப்படும். முன்பெல்லாம் இருதயக் கோளாறு உள்ள பலருக்கும் பல் பிடுங்குவதற்கு முன் அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். 2007 இல் அமெரிக்க இருதய சங்கம் அதைச் செயற்கை வால்வு உள்ளவர்கள், ஏற்கெனவே இந்தத் தொற்று வந்தவர்கள் போன்ற ஆபத்து மிகுந்த சிலருக்கென்று சுருக்கியது. முரசு கெட்டிருப்பவருக்குச் சோறு சப்பும்போதும் பல் துலக்கும்போதும்கூடப் பற்றீரியா இரத்தத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. எப்போதோ ஒரு நாள் விழுங்கும் மருந்தைவிட, நாள்தோறும் வாயைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் கூடுதலாகக் காக்கும் என்பது இப்படிச் சுருக்கியதற்கு ஒரு முக்கிய காரணம். உங்களுக்கு அந்த மருந்து தேவையா என்பதை உங்கள் இருதய வைத்தியரிடமே கேளுங்கள்.

இந்த நோயாளிகளின் குடும்பத்தினர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வால்வுக் கோளாறு உள்ளவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்து, இரவில் வியர்த்து, உடம்பு மெலிந்தால், பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்து ஆற்றப் பார்க்காதீர்கள். அந்தக் குளிசை உள்ளே போனபின் இரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்கு எடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் சரியான மருந்தைத் தெரிவதும் கடினமாகிறது.

மருந்துகள் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பலகாமத்தில் இருக்கும் எனது பெரியம்மா, தன்னுடைய முன் பற்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன என்று சொல்லி வந்தார். பார்த்தால், பற்களுக்கு இடையிலிருந்த முரசு சிறு சிறு மொட்டுகளாகத் தடித்து, பல்லின் பாதியை மூடியிருந்தது. பல் வைத்தியர் கிளினிக் கொப்பியை வாங்கிப் புரட்டி, பிரஷருக்கு எழுதியிருந்த அம்லோடிபின் என்ற பெயரில் விரலை வைத்தார். அந்த மருந்தும், நிபெடிபின் முதலிய அதே வகை மருந்துகளும் சிலருக்கு முரசைத் தடிக்கச் செய்யும். காரை இருந்தால் இன்னும் கூடும். பல் வைத்தியர் கொடுத்த கடிதத்தைப் பார்த்துக் கிளினிக்கில் மருந்தை மாற்றினார்கள், பற்களையும் சுத்தம் செய்தார்கள், சில மாதங்களில் முரசு இறங்கியது. பெரியம்மா தானாகக் குளிசையை நிறுத்தவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்பரின் எடுப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். பல் பிடுங்க வேண்டும் என்பதற்காக யாருடைய பேச்சையோ கேட்டு அவற்றை நிறுத்தாதீர்கள். முரசில் கசியும் இரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம், ஆனால் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்த நாடியில் இரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. வார்பரின் எடுப்பவர்கள் கடைசியாகச் செய்த ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும்) பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அரச வைத்தியசாலைகளில் பற்சிகிச்சை இலவசம்; கிளினிக்குக்குப் போகிற அன்றே பற்சிகிச்சைப் பிரிவிலும் பதிந்து காட்ட முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக, பல்வலி போலத் தோன்றும் இருதய வலி. இருதயத்திலிருந்தும் தாடையிலிருந்தும் வரும் நரம்புச் செய்திகள் மேலே போய் ஒன்று சேருவதால், நெஞ்சிலிருந்து வரும் வலியைச் சிலர் கீழ்த்தாடையில் உணர்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமலே இப்படி வரக்கூடும். கோணேசர் கோவில் ஏற்றத்தில் நடக்கும்போது தாடை வலித்து, நின்றதும் வலி விட்டால், அது பல் அல்ல. தாமதிக்காமல் இருதய வைத்தியரிடம் காட்டுங்கள். ஓய்வாக இருக்கும்போதே தாடை வலித்து, கூடவே வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால், பல் வைத்தியரைத் தேடாமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.