பட்டறையிலிருந்து போன கேள்வி

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வேலைக்குப் போனபின் இலவச இணையப் பாடங்களில் படிப்பது கல்வியா, வெறும் பொழுதுபோக்கா என்பது இன்றைய தலைப்பு. கல்விதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். கோவையில் பம்புசெட் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். 20 வருடமாக இதுதான் தொழில்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா அழகாகப் பேசினார்கள். "சேருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட முடிப்பதில்லை. ஆசிரியர் முகத்தைப் பார்க்காத படிப்பு மனதில் நிற்காது. ஆய்வகமும் கிடையாது" என்றார்கள். பதில் சொல்வதற்கு முன் ஒரு பம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

சித்திரை, வைகாசியில் கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அப்போது மேலே வைத்திருக்கும் மோட்டார் பம்புக்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கழற்றிப் பார்த்தால் இம்பெல்லர், அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம், கறையான் அரித்த மாதிரி குழி குழியாக இருக்கும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மேஸ்திரி, "காத்து வாங்குதுடா" என்பார். ஜாயின்ட்டை எல்லாம் இறுக்குவோம், புது இம்பெல்லர் போடுவோம். அடுத்த கோடையில் அதே பம்பு திரும்ப வரும். ஏன் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

நடுவர் அவர்களே, 2003ஆம் ஆண்டு ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் பணத்தில் என்பிடெல் என்ற திட்டத்தைத் தொடங்கின. அங்கே நடத்துகிற பாடத்தைக் காணொளியாக எடுத்து எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். நுழைவுத்தேர்வு இல்லை, வயது வரம்பு இல்லை. அதில்தான் திரவ இயக்கவியல் என்ற 12 வாரப் பாடத்தில் சேர்ந்தேன். அங்கே எனக்குப் பதில் கிடைத்தது.

பம்பு தண்ணீரை உறிஞ்சும்போது இம்பெல்லரின் வாயில் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் கீழே இறங்க இறங்க இன்னும் குறையும். அழுத்தம் மிகவும் குறைந்தால், அடுப்பே இல்லாமல் சாதாரண வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவிக்குமிழி ஆகிறது. அந்தக் குமிழிகள் அழுத்தம் கூடுகிற இடத்துக்குப் போனதும் நொறுங்குகின்றன. அந்த அடிதான் இரும்பைக் குழி பறிக்கிறது. இதற்குக் கேவிடேஷன் என்று பெயர். காற்று வெளியிலிருந்து வரவே இல்லை! இதைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை. அடுத்த கோடையில் அந்தப் பம்பைக் கொண்டுவந்த விவசாயியிடம், "இம்பெல்லர் வேண்டாங்க, மோட்டாரைக் கிணற்றுக்குள் திட்டில் இறக்கி வையுங்க, சக்‌ஷன் பைப்பின் நீளத்தைக் குறையுங்க" என்றேன். சத்தம் நின்றது.

ஆய்வகம் இல்லை என்றார்களே, இருபது வயதுப் பையனுக்கு அது பெரிய குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் ஆய்வகம் என் பட்டறையில் 20 வருடமாக இருந்தது. அதற்கான பாடம்தான் இல்லாமல் இருந்தது.

ஆசிரியர் முகம் என்றார்கள். என் ஆங்கிலம் பாலிடெக்னிக் ஆங்கிலம். ஒரே விளக்கத்தை ஏழு தடவை ஓட்டிக் கேட்டிருக்கிறேன், வேகத்தைக் குறைத்தும் கேட்டிருக்கிறேன். வகுப்பில் கையைத் தூக்கி ஏழாவது தடவை "புரியலீங்க" என்று சொல்ல இந்த வயதில் யாருக்கு மனம் வரும்? சந்தேகத்தை எழுதிப் போட்டால் பதில் சொல்லவும் ஆள் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பத்தில் ஒருவர் கணக்கு. நான் சேர்ந்தது நான்கு பாடம், முடித்தது ஒன்றே ஒன்று. அதற்கு மட்டும் 1000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய், கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதித் தேறினேன். மற்ற மூன்றிலும் உங்கள் கணக்குப்படி நான் பாதியில் ஓடியவன். அதில் ஒன்று மின்னியந்திரங்கள் பற்றியது, மூன்று வாரம்தான் பார்த்தேன். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் கெப்பாசிட்டர் இல்லாமல் ஏன் தானாகக் கிளம்பாது என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன், தெரிந்தது, வந்துவிட்டேன். கிணற்றில் ஒரு குடம் மொண்டு போகிறவளைப் பார்த்து, கிணற்றை வற்ற வைக்கவில்லையே என்று யாராவது குறை சொல்வார்களா?

மணி அடித்துவிட்டீர்கள், சரி, ஒன்றே ஒன்று. என் பட்டறையில் இப்போது ஒரு பையன் வேலை பழகுகிறான். போன மாதம் குழி விழுந்த இம்பெல்லரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏண்ணா இப்படி ஆகுது?" என்றான். தரையிலேயே சாக்பீஸால் படம் போட்டேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவன் எழுந்திருக்கவில்லை. தீர்ப்பு எழுதும்போது அவனையும் நினைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.