மருந்து மலிவு, வழிச்செலவு அதிகம்

அவையோருக்கு வணக்கம்.

குணப்படுத்த முடியாத நோயோடு வாழ்பவரின் வலியையும் மூச்சுத்திணறலையும் மனக்கலக்கத்தையும் தணித்து, அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் துணைநிற்பதே ஆதரவுச் சிகிச்சை. வசதி குறைந்த நாடுகளில் இப்பணியைச் செய்யும் சிறிய அமைப்புகளுக்குக் கொடையாளர்கள் தரும் சிறுநல்கை, அதாவது சிறு தொகை நிதியுதவி, எதற்குச் செலவாக வேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே இன்று பேச விரும்புகிறேன். உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் இச்சிகிச்சை தேவைப்படுவோர் சுமார் 5.68 கோடிப் பேர். அவர்களுள் 78 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்கிறார்கள். தேவைப்படுவோரில் அது கிடைப்பதோ ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்குத்தான்.

உகாண்டாவை எடுத்துக்கொள்கிறேன். 1993-இல் மருத்துவர் ஆன் மெரிமன் கம்பாலாவில் 'ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா உகாண்டா' என்னும் ஆதரவுச் சிகிச்சை அமைப்பைத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தது, மூன்று பேர் கொண்ட குழுவை மூன்று மாதம் நடத்துவதற்கான பணம். இன்றைய கணக்கில் அதையும் சிறுநல்கை என்றுதான் சொல்வோம். அபினிலிருந்து எடுக்கப்படும் கடும் வலிநிவாரணியான 'மார்பின்' என்னும் மருந்தின் தூளைத் தண்ணீரில் கரைத்து, கெடாமலிருக்க ஒரு பொருளும், வீரியத்தை அடையாளம் காண நிறமும் சேர்த்து, வாய்வழி மருந்தாகக் கொடுத்தார்கள். வீரியம் குறைந்த கரைசல் பச்சை நிறம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து குடிக்க வேண்டும். நள்ளிரவில் எழுந்திருக்க வேண்டாம் என்பதற்காகப் படுக்கும்போது மட்டும் இரட்டை அளவு. மார்பின் மருந்தால் வரும் மலச்சிக்கலுக்குப் பப்பாளி விதையை உலர்த்திப் பொடித்துக் கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. நாற்றமெடுக்கும் புண்ணின் மேல் மெட்ரோனிடசோல் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவினால் நாற்றம் அடங்கி, நோயாளியின் அருகே பேரப்பிள்ளைகள் மறுபடியும் வந்து உட்காருகிறார்கள். இவற்றில் எதுவும் விலை உயர்ந்ததல்ல.

மருந்து இருந்தும் அதை எழுதித்தர ஆளில்லை என்ற சிக்கலையும் உகாண்டா எதிர்கொண்டது. மாவட்டத்துக்கே விரல்விட்டு எண்ணத்தக்க மருத்துவர்கள் இருந்தால் மருத்துவச் சீட்டு எங்கிருந்து வரும்? அதனால் 2004-இல் விதியைத் திருத்தி, சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியரும் மருத்துவ உதவி அலுவலரும் மார்பின் எழுதித்தர வழிசெய்தார்கள். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் கிடைப்பதில் ஏற்பட்ட முடக்கத்தைத் தளர்த்தவே 2014 வரை காத்திருந்தோம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

மருந்தும் மலிவு, எழுதித்தரவும் ஆள் உண்டு என்றால், மிச்சமிருப்பது வழி. தலைநகர் கம்பாலாவிலிருந்தோ தென்மேற்கே உள்ள ம்பராரா நகரிலிருந்தோ புறப்படும் செவிலியர், செம்மண் பாதையில் 'போடாபோடா' என்னும் வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு முறை போனால் போதாது. மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்க மீண்டும் மீண்டும் போக வேண்டும். பெட்ரோலும் பயணப்படியும் டயரும் கைப்பேசிக் கட்டணமும்தான் இந்தச் சிகிச்சையின் உண்மையான செலவு.

நான் இதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நல்கைத் தேர்வுக்குழுவில் நானும் இருந்தேன். இருசக்கர வண்டியைப் பழுதுபார்க்கவும் ஓராண்டு எரிபொருளுக்கும் பணம் கேட்டு ஒரு சிறிய அமைப்பு விண்ணப்பித்திருந்தது. 'அன்றாட நடத்துச் செலவுக்கு நிதி இல்லை' என்ற விதியைக் காட்டி அதை ஒதுக்கிவிட்டு, மடிக்கணினியும் பயிலரங்கும் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். பயிலரங்கென்றால் புகைப்படம் கிடைக்கும், பெட்ரோல் போட்டதற்குப் படமா எடுக்க முடியும்? அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

எல்லாரும் அப்படி இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த ட்ரூ கலர்ஸ் அறக்கட்டளை, ஆப்பிரிக்க ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தோடு சேர்ந்து இத்தகைய சிறிய அமைப்புகளுக்கென்றே சிறுநல்கைகள் வழங்கியிருக்கிறது. களம் அறிந்த சங்கம் நடுவில் நிற்பதால், லண்டன் மேசையில் புரியாத விண்ணப்பம் அதற்குப் புரிகிறது. ஆனால் எந்தக் கொடையாளரும் நிரந்தரமல்லர். ஆப்பிரிக்காவில் இத்துறைக்குப் பெருந்துணையாக இருந்த இளவரசி டயானா நினைவு நிதியம், திட்டமிட்டபடியே 2012-இல் தன் பணியை முடித்துக்கொண்டது.

பிறகு யார் தருவார்கள்? கேரளம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அதே 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்தின் பணி, பின்னர் ஊர்தோறும் தொண்டர்களும் சில்லறை நன்கொடைகளுமாகப் பரவியது. 2008-இல் மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்தபின், வீடு தேடிப் போகும் செவிலியரின் சம்பளமும் வண்டிச் செலவும் ஊராட்சியின் வரவுசெலவுக் கணக்கிலேயே இடம்பெற்றன. ஆனால் ஊராட்சி அந்தச் செலவை ஏற்பதற்கு முன்னால், அந்த வண்டி சில ஆண்டுகளாவது விடாமல் ஓடியிருக்க வேண்டும். அந்தச் சில ஆண்டுகளுக்குத்தான் சிறுநல்கை தேவைப்படுகிறது. பன்னிரண்டு மாதத்தில் முடியும் நல்கை அதற்குப் போதாது.

ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். நல்கைக் காலத்தை மூன்று ஆண்டுகளாக்குங்கள். விண்ணப்பப் படிவத்தில் 'எரிபொருள், பயணப்படி, பழுதுபார்ப்பு' என்று தனியாக ஒரு வரி சேர்த்து, அந்த வரியை நிரப்பியவரிடம் புகைப்படம் கேட்காதீர்கள். எத்தனை வீடுகளுக்கு எத்தனை முறை போனார் என்று மட்டும் கேளுங்கள்.